சனிக்கு அடுத்தது திங்கள்

அன்று ரொக்ஸ்பரோ வீட்டு ஹோலில் இருந்தவர்கள்: அம்மா பாலாம்பிகை, சோபாவின் ஓரத்தில். அப்பாவின் தமையன் கணேசலிங்கம் பெரியப்பா, அப்பாவின் கதிரையில். அக்கா துஷாந்தினி, தரையில், மடியில் கணினியோடு. பக்கத்துத் தெருவில் மகன் வீட்டில் இருக்கும் பாரிஜாதம் அன்ரி, தானே சுட்டுக் கொண்டுவந்த முறுக்கோடு. மிதுசன் ஆகிய நான், படிக்கட்டின் கடைசிப் படியில், கலைந்த நித்திரையோடு. அப்பா சுவரில், படமாக.

டோர்வலில் எனக்கு இரவு வேலை. விமானங்களுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டிகளில் அடுக்குவது. காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவேன். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆட்கள் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வேன். அந்த ஓகஸ்ட் சனிக்கிழமை, மத்தியானத்திலேயே பெரியப்பாவின் குரல் மேல்மாடிக்கு ஏறி வந்து என்னை எழுப்பிவிட்டது.

"உந்தக் கிழமைதான் கப்பல் ஏறவேணுமோ? வேறை கிழமை இல்லையோ?"

விஷயம் இதுதான். அம்மா கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில், நீராவிக்குள், வேலை செய்து அந்த வசந்தத்தில் ஓய்வுபெற்றாள். அதற்கு அக்காவும் அவள் கணவரான அத்தானும் கொடுத்த பரிசு ஒரு சொகுசுக் கப்பல் பயணம். வன்கூவரில் ஏறி, அலாஸ்காவின் ஜூனோ, கோடியாக் என்று நின்று நின்று போய், பசிபிக்கைக் குறுக்கே கடந்து, ஜப்பானில் குஷிரோவையும் ஹகோடாடேயையும் பார்த்துவிட்டு யோகஹாமாவில் இறங்குவது. பல்கனி வைத்த அறை. துணைக்குப் பாரிஜாதம் அன்ரி. எல்லாம் சரி. கப்பல் நடுக்கடலில் நிற்கும்போது அப்பாவின் திவசம் வருகிறது. அவர் இறந்த திதி ஆவணித் தேய்பிறையின் ஏழாம் நாள், அபரபக்கச் சத்தமி. அந்த வருடம் அது செப்டம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. இதைப் பெரியப்பா தன் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பெரியப்பா, அந்தக் கப்பல் வருசத்திலை ஒருக்காத்தான் அந்தப் பக்கம் போறது," என்றாள் அக்கா. "குளிர் துவங்க முந்தி ஜப்பானுக்குத் திரும்பும். நாங்கள் கேக்கிற நேரத்துக்கு வர அது என்ன டாக்சியோ?"

"பனி பாக்கிறதுக்கு அலாஸ்காவுக்குப் போகவேணுமோ? தையிலை உந்தக் கதவைத் திறந்தாக் காணும்."

"அது வேற பனி சார்," என்றார் பாரிஜாதம் அன்ரி. அவர் மதுராந்தகத்துக்காரர். "அங்க மலையே உடைஞ்சு கடல்ல விழும். நம்ம கையில காபி கப்போட பல்கனில நின்னு பாக்கலாம். இங்க நம்மளே ஷவல் எடுத்து வாசல் பனியை அள்ளணும்."

அம்மா சிரிப்பை அடக்கினாள். அன்றைக்கு அவள் செய்த முதல் காரியம் அது.

அக்கா கணினியைப் பெரியப்பாவின் பக்கம் திருப்பினாள். "ஒரு பிரச்சினையும் இல்லை. கப்பலிலை அந்த நாளே வராது. நிகழ்ச்சி நிரலைப் பாருங்கோ."

பெரியப்பா கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். சனிக்கிழமை, பதின்மூன்று: கடலில். திங்கட்கிழமை, பதினைந்து: கடலில். விரலை வைத்து மேலும் கீழும் போய்வந்தார்.

"ஞாயிற்றுக்கிழமையைக் காணேல்லை."

"அதைத்தான் சொல்லுறன்."

"ஆர் எடுத்தது?"

"யாரும் எடுக்கல சார்," என்றார் பாரிஜாதம் அன்ரி. "கடல் நடுவுல ஒரு கோடு இருக்குதாம். மேற்கால தாண்டினா ஒரு நாள் போயிடும். சனிக்கிழமை படுத்தா திங்கக்கிழமை எந்திரிப்போம். கிழக்கால திரும்பி வர்றப்போ குடுத்துடுவாங்க."

"என்ன, அடகு வைச்சு மீட்கிற மாதிரியோ?" பெரியப்பா கைபேசியை எடுத்தார். "நான் ஐயரைக் கேக்கிறன்."

கோயில் ஐயர் காரோட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒலியைக் கூட்டி, கைபேசியை முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கப்பல், கோடு, காணாமற்போன ஞாயிறு என்று எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துப் போனது.

"திதி சந்திரனைப் பாத்து வாறது," என்றார் ஐயர். "கப்பல்காரன் கலண்டரைக் கிழிச்சாச் சந்திரன் நிக்குமோ? சத்தமி அங்கையும் வரும், இஞ்சையும் வரும்."

பெரியப்பா எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வழக்கில் வென்ற முகம்.

"ஆனால் திவசம் செய்யிறது மகன்தானே," ஐயர் தொடர்ந்தார். "மகன் எங்கையோ அங்கைதான் திவசம். மகனும் கப்பலிலை போறாரோ?"

"இல்லை ஐயா."

"பேந்தென்ன? நான் ஹைவேயிலை நிக்கிறன். வைக்கிறன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் நான் ஒரு ஆள் என்று அப்போதுதான் கண்டுபிடித்ததுபோல.

"படிப்பையே பாதியிலை விட்டவன்," என்றார் பெரியப்பா. "திவசத்தை முழுசாச் செய்வானோ? சரி, ஐயரோடை இருந்து எள்ளும் தண்ணியும் விடுவான். சமைக்கிறது ஆர்? என்ரை தம்பிக்குப் படைக்கிறது கடைச் சாப்பாடோ?"

அக்கா கணினியை மூடினாள். அவளுக்குப் பருப்புக்கூட அத்தான்தான் காய்ச்சுவார். பாரிஜாதம் அன்ரி ஒரு முறுக்கை இரண்டாக உடைத்தார், சாப்பிடவில்லை. பெரியப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"பாலா, நான் உம்மைப் போகவேண்டாம் எண்டு சொல்லேல்லை. அடுத்த வருசம் போம். அவன் போய் ரெண்டு வருசம்தானே."

பெரியப்பாவின் இப்படியான கேள்விகளுக்கு அம்மா வழக்கமாக "ஓம் அத்தான்" என்பாள். அந்த "ஓம்" வந்துவிட்டால் கப்பல் முடிந்தது, எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் வேறொன்று வரும். பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும். நான் மேலே போய்ப் படுக்கலாம்.

"கப்பலைத் தெரிஞ்செடுத்தது துஷா இல்லை," என்றாள் அம்மா. "நான்."

"அம்மா?"

"நீ மூண்டு கப்பல் காட்டினனி. ரெண்டு வைகாசியிலை. இது ஒண்டுதான் அந்த நாள் இல்லாமல் போறது எண்டு பாரி சொன்னவ. நான் பஞ்சாங்கத்தையும் பாத்திட்டுத்தான் இதைச் சொன்னனான்."

"ஐயோ, நான் எதார்த்தமா சொன்னேம்பா," என்றார் பாரிஜாதம் அன்ரி, முறுக்குத் துண்டுகளைத் தட்டில் வைத்துவிட்டு. "ஒரு ஆச்சரியத்துக்கு."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சுகொண்டோ?"

"தெரிஞ்சுகொண்டுதான்."

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. குடிக்கவில்லை, கை நீட்டவில்லை, எங்கள் இருவரையும் பனிக்காலங்களில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினார். சாப்பாட்டில் மட்டும் ஒரு பழக்கம். முதல் பிடி சோற்றை வாயில் வைப்பார். மெல்லுவதை நிறுத்துவார். அம்மாவைப் பார்ப்பார். பிறகு சோற்றுக் கோப்பையை இரண்டு விரலால் முன்னால் தள்ளிவிடுவார். ஒரு சொல் வராது. உப்புக் கூடவா குறையவா என்பதை அம்மாதான் கண்டுபிடிக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறையாவது நடக்கும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தோம்.

"படையலுக்குச் சமைக்கேக்கை உப்புப் பாக்கக் கூடாது," என்றாள் அம்மா. அவள் பெரியப்பாவைப் பார்க்கவில்லை; கோபமாகவும் சொல்லவில்லை. வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லும் குரல்தான். "உயிரோடை இருக்கேக்கை நூறு தரம் நாக்கிலை வைச்சுப் பாத்துப் பாத்துப் போடுவன். அப்பிடியும் தள்ளுவார். இப்ப பாக்கவும் ஏலாது. போன வருசம் வாழையிலையிலை எல்லாத்தையும் போட்டிட்டு, படத்துக்கு முன்னாலை நிண்டு எனக்குக் கை நடுங்கினது. செத்த மனுசன் இலையைத் தள்ளுமோ, சொல்லுங்கோ அத்தான். தள்ளாது. எனக்கும் தெரியும். ஆனால் நடுங்கினது. அந்த நாளிலை எனக்கு இந்தக் குசினிக்குள்ளை நிக்க ஏலாது."

குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. பெரியப்பாவுக்கு அந்தக் கோப்பை புதிதில்லை. தம்பியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் தள்ளியிருப்பார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

"நான் சமைக்கிறன்," என்றேன்.

பாசத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மௌனம் பிடிக்கவில்லை. நித்திரையும் வந்தது.

"நீயோ?" என்றாள் அக்கா. "உனக்கு முட்டை பொரிக்கத் தெரியாது."

"திவசத்துக்கு முட்டை வைக்கிறேல்லை."

பாரிஜாதம் அன்ரி வாய்விட்டுச் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. அப்பாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ரை திவசத்துக்கு என்ரை பெடியள் கலண்டரையும் பாக்க மாட்டாங்கள்," என்றார். பிறகு உடைந்த முறுக்கில் ஒரு துண்டை எடுத்தார். "வாழைக்காய் வெட்டத் தெரியுமோடா?"

"யூடியூப்பிலை பாப்பன்."

"கிழிச்சாய். நான் வந்து வெட்டித்தாறன். வேலைக்கு லீவு போட்டு, முழுகிப்போட்டு நில். விடியக் கோழிச் சாப்பாடு அடுக்கின கையோடை வந்து நிக்காதை."

அவர் போனபின் அம்மா தன் அறைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே மடித்திருந்த கம்பளிச் சட்டையை இன்னொருமுறை மடித்தாள்.

செப்டம்பர் முதற்கிழமை, ஒரு காலை. நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவும் அக்காவின் கார் வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது. பாரிஜாதம் அன்ரி ஏற்கெனவே முன் இருக்கையில். கறுப்புக்கண்ணாடி போட்டிருந்தார். நான் இரண்டு பெட்டிகளையும் பின்னால் ஏற்றினேன்.

"பாலா, அந்த ஊறுகாயை உள்ள வெச்சியா?" என்று கத்தினார். "கப்பல்ல எல்லாம் குடுப்பான், காரம் மட்டும் குடுக்க மாட்டான்!"

அம்மா வீட்டுச் சாவிகள் கோத்த திறப்புக் கோர்வையைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். சாத்தி, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போக, மணி அடித்தது.

அம்மா நின்றாள்.

"என்னத்தை விட்டிட்டுப் போனியள்?"

அம்மா என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். போன காலோடு திரும்பி வந்தால் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம். கிட்ட இருந்தது அப்பாவின் கதிரை. அதில் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். விமானத்துக்குப் போகும் ஆள் மாதிரி இல்லை, ஆஸ்பத்திரியில் தன் பெயரைக் கூப்பிடக் காத்திருக்கும் ஆள் மாதிரி இருந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வெளியில் அக்கா ஒருமுறை ஹோர்ன் அடித்தாள்.

அம்மா பாதி குடித்தாள். குசினிப் பக்கம் பார்த்தாள். போகாமல் விட்டுவிடுவாள் என்றுதான் எனக்குப் பட்டது. போங்கோ என்று நான் சொல்லி அவள் போவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

"மிது."

"ம்."

"உப்புப் பாக்கக் கூடாது. தெரியுமெல்லே?"

"தெரியும்."

மிச்சத் தண்ணீரையும் குடித்தாள். கிளாஸை என் கையில் தந்துவிட்டு எழும்பினாள்.

"நீ பார்," என்றாள். "நல்லா நாக்கிலை வைச்சுப் பாத்துப் போடு. ஐயருக்கும் சொல்லாதை, பெரியப்பாவுக்கும் சொல்லாதை."

"சரி."

"கதவைப் பூட்டு. ரெண்டு பூட்டும்."

அவள் படி இறங்கினாள். நான் கதவைச் சாத்தி, மேல் பூட்டைப் போட்டேன். பிறகு கீழ்ப் பூட்டையும் போட்டேன்.