ஹென்னிங் சாகாத வரைவு

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் என் மேல்வீட்டுக்காரி வீப்கெ மடிக்கணினியும் கையுமாக இறங்கி வந்து, "ஒருத்தர் உயிரோட இருக்காரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள்.

அந்த ஒருவர் ஹென்னிங் ப்ரோகோப். வீப்கெ பார்வையற்ற மாணவர்களுக்குப் பிரெயில் அச்சிடுபவள். அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருள் அவர் எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய இணையப் பொதுக் களஞ்சியத்தில் அதை நிறுவும் செய்முறையைப் பராமரித்ததும் அவரே; எட்டு மாதமாக அதை அவர் தொடவேயில்லை. பழைய கணினி செத்துப்போக, புதியதில் வீப்கெ ஒரு வரிக் கட்டளை தட்டினாள். செய்முறையைத் தேடியெடுத்து, மென்பொருளை உருவாக்கி, நிறுவித் தருகிற உதவி நிரல் பாதியில் நின்றது: மென்பொருளின் மூலக் கோப்பு இருந்த இடத்தில் இல்லை. அன்று செவ்வாய். வியாழனன்று மூன்று பிள்ளைகளுக்குக் கணிதத் தேர்வு.

2

(முதல் வரைவில் ஹென்னிங்கைக் கொன்றுவிட்டேன். 'பூட்டிய கதவுக்குப் பின்னால், எட்டு மாதங்களாக, ஒரு' என்பதோடு நிற்கிறது. வீப்கெ படித்துவிட்டு, "வெக்கமா இல்லை உனக்கு? அந்த மனுஷன் உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தார்" என்றாள்.)

3

ஆகவே, நடந்தது இது. தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயரில் ஒரே ஒருவர், பக்கத்து ஊரான நோர்ட்ஹைமில். வீப்கெ அன்றே ரயிலேறிப் போய் மணியடித்தாள். உருளைக்கிழங்கு உரிக்கும் கத்தியோடு அவர் கதவைத் திறந்தார்.

"ப்ரோகோப் நீங்கதானா? உயிரோடதான் இருக்கீங்களா?"

"காலையில பார்த்தப்போ இருந்தேன். ஏன்?"

"காலையிலேர்ந்து ஆறு மின்னஞ்சல் போட்டேன்."

"எதையுமே திறக்கலைங்க. ஒருத்தன் ரொம்பக் கேவலமாத் திட்டி எழுதினான். அதுலேர்ந்து எட்டு மாசமா மின்னஞ்சல் பக்கமே போகலை. நானூத்திச் சொச்சம் கிடக்கு."

"நான் திட்ட வரலை. மூலக் கோப்பு வேணும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

கோப்பு அவர் கணினியில் பத்திரமாக இருந்தது. வேறிடத்தில் ஏற்றி, செய்முறையில் முகவரியை மாற்றினார். வீப்கெ தன் மடிக்கணினியில் மறுபடி கட்டளை தட்டினாள். திரையில் வரிகள் ஓடி முடிந்தன. நிறுவியாயிற்று.

"இனிமே இந்தச் செய்முறையை நான் பாத்துக்கட்டுமா?"

களஞ்சியத்தில் அவர் பொறுப்பைத் துறந்தார்; அவள் ஏற்றாள். இரண்டு சொடுக்கு. ஹென்னிங் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். "இனிமே 'நீங்க' வேண்டாம், 'நீ'ன்னே கூப்பிடு. சாப்பிட்டுத்தான் போகணும்."

4

தேர்வுத் தாள்கள் புதனன்றே போய்ச் சேர்ந்தன.

ஹென்னிங் அந்த நானூற்றுச் சொச்சம் மின்னஞ்சல்களைத் திறந்தாரா? நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் எல்லாமே நன்றிக் கடிதங்கள், நானே நம்பவில்லை. இன்னொன்றில் மொத்தத்தையும் அழித்துவிட்டு அவர்

வேண்டாம். நேரில் கேட்கவும் எனக்கு மனமில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு மனிதர் இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறாராம். எழுப்புவதானால் நீங்களே போய் எழுப்புங்கள்.