கப்பலில் வராத கியர்பாக்ஸ்

வக்கீல் நந்தகுமார் கோர்ட்டு வராந்தாவில் நின்றபடியே சமோசாவைத் தின்று முடித்து, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, பாபி என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் ஹசீனாவிடம் அதைச் சொன்னார். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"பாபி, மொதக் கேஸா இருந்தா ஃபைனைக் கட்டிட்டு சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம். இது செகண்ட் ஆச்சே. ரெண்டாவது தடவை குடிச்சிட்டு ஓட்டி மாட்டுனா ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள போட சட்டத்துல இடமிருக்கு. நம்ம ஜட்ஜ் சாப் வேற இந்த விஷயத்துல யாருக்கும் எறங்க மாட்டாரு."

"மொதக் கேஸ் எப்ப?" என்றாள் ஹசீனா.

"முந்தின வருஷம் மழைக்காலத்துல. மூணு மாசம் லைசென்ஸைக்கூட சஸ்பெண்ட் பண்ணி வச்சாங்களே."

அந்த மூன்று மாதமும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வேன் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் கிடந்தது. கியர்பாக்ஸ் போய்விட்டது, சாமான் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும் என்று அவள் புருஷன் சிராஜ் சொன்னான். இந்தத் தீவில் இதைவிடக் கெட்டியான பொய் ஒன்று கிடையாது. ஃபிரிட்ஜ் கம்ப்ரசரிலிருந்து மூக்குக்கண்ணாடி வரை எல்லாமே மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டியதுதான். கப்பல் வந்தால் சாமான் வந்திருக்காது, சாமான் ஏறிவிட்டால் கப்பல் கிளம்பாது. ஏன் தாமதம் என்று கேட்பவனைத்தான் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஹசீனாவும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, கடல் கொந்தளிக்காமல் கப்பல் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்டாள். அதை இப்போது நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. என்ன ஒரு பைத்தியக்காரி.

அவளும் அவனிடம் ஒன்றை மறைத்துவைத்திருந்தாள். போன மாதம் போலீசுக்கு போன் செய்தவள் அவள்தான்.

அன்று காலை பாராடாங் போகிற டூரிஸ்ட் குடும்பம் ஒன்று வீட்டு வாசலுக்கே வந்து வேனில் ஏறியது. அந்தப் பெண் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் கேட்டாள். ஹசீனா ஃபிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது சிராஜ் அவளை உரசிக்கொண்டு போனான். ராத்திரி குடித்த வாடை அப்போதும் அவன்மேல் அடித்தது. குளித்து, அத்தர் பூசி, ஏலக்காயை மென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவனுடைய நம்பிக்கை. அதே நம்பிக்கையில்தான் அதற்கு முந்தின வாரம் வண்டூர் ரோட்டில் ஒருவருடைய வேலிக்குள் வண்டியை விட்டுவிட்டு, மாடு குறுக்கே வந்தது என்று வீட்டில் வந்து சிரித்தான். வேன் தெருமுனை திரும்பியதும் ஹசீனா போனை எடுத்து வண்டி நம்பரைச் சொல்லிவிட்டாள். முதல் தடவை மாட்டுபவனை அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கட்டட்டும், நாலு பேர் முன்னால் தலைகுனியட்டும், அதன்பிறகாவது குடியை விடுவான் என்று நினைத்தாள். ஜாரவா பழங்குடிகளின் காட்டு வழியே வண்டிகள் கூட்டமாகத்தான் போகமுடியும் என்பதால் ஜிர்காடாங் கேட்டில் நீளமான வரிசை. அத்தனை வண்டிகளில் சிராஜை மட்டும் இறக்கி மெஷினில் ஊதச் சொன்னார்கள்.

அதைத்தான் நந்தகுமாரும் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு வழி இருக்கு பாபி. குத்தத்தை ஒத்துக்க வேணாம். லடேங்கே, சண்ட போட்டுப் பாத்துருவோம். அவ்ளோ வண்டி நின்னப்ப இவரை மட்டும் ஏன் புடிச்சாங்க? எவனோ போன் பண்ணிருக்கான். அந்த நம்பரை இங்க கொண்டாரச் சொல்லி மனு எழுதியாச்சு. தொழில் பொறாமைல நடந்ததுன்னு காட்டிட்டா ஜெயில் இல்லாம பாத்துக்கலாம்."

சிராஜ் முகம் கழுவிவிட்டு வந்து நின்றான். "வேற யாரு, தேவேந்திரன்தான். அவனுக்கு எப்பவுமே என் லைன் மேல ஒரு கண்ணு. நம்பர் மட்டும் வெளிய வரட்டும், ஸ்டாண்டுல வச்சு அந்த ஸாலாவ உரிச்சிர்றேன்."

தேவேந்திரன் அடுத்த தெரு வேன்காரன். போன மாதம் போலீஸ் சிராஜின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டதிலிருந்து மகள் ஆமினாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறவனும் அவன்தான்.

நந்தகுமார் உள்ளே போகும்வரை ஹசீனா காத்திருந்தாள்.

"தேவேந்திரன் இல்ல மச்சான்."

"பின்ன?"

"நான்தான் பண்ணேன்."

சிராஜ் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஃபைனோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். அந்தப் பச்சப்புள்ளய ஏத்திக்கிட்டுப் போனீங்க, என்னால தாங்க முடியல. மொதத் தடவைதானேன்னு நெனச்சேன். கியர்பாக்ஸ் கப்பல்ல வருதுன்னுதானே சொன்னீங்க."

அவன் திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள், வீட்டில் நடப்பதுபோல அழுது முடித்திருக்கலாம். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றி மறுபடி போட்டான். டவாலி வாசலில் வந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்.

ஹசீனா கடைசி பெஞ்சில் ஒரு வங்காளி அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நந்தகுமார் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். மாஜிஸ்திரேட் தாளிலிருந்து நிமிராமல், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று இந்தியில் கேட்டார்.

"ஜுர்ம் கபூல் ஹை?"

"கபூல்" என்றான் சிராஜ்.

நந்தகுமார் அவன் கையைப் பிடித்து இழுத்தார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, காதில் விழவில்லை, சத்தமாகச் சொல் என்றார்.

"கபூல் ஹை, சாப்."

அவர்களுடைய நிக்காஹ்வில் அவன் இதே சொல்லைச் சொன்னபோது மைக் அலறியது. திரைக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்களெல்லாம், மாப்பிள்ளைக்கு ரொம்பத்தான் அவசரம் என்று ஹசீனாவைக் கிள்ளினார்கள். அவள் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தாள். இப்போது அவளுடைய போன் நம்பர் சபைக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக அவன் ஒப்புக்கொண்டானா, இல்லை மனசு விட்டுப்போய் ஒப்புக்கொண்டானா என்று அவளால் சொல்லமுடியவில்லை.

மாஜிஸ்திரேட் வெகுநேரம் எழுதினார். நந்தகுமார் மனுவை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு கான்ஸ்டபிள் வந்து சிராஜுக்குப் பக்கத்தில் நின்றார். எழுத்தர், கூட வந்திருப்பது யார், ஜெயிலுக்குப் போகுமுன் கைக்கடிகாரத்தையும் போனையும் யாரிடம் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். ஹசீனா முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

சிராஜ் திரும்பினான். கடைசி பெஞ்சு வரை பார்த்தான். அவளைப் பார்த்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கோயி நஹி, சாப்" என்றான். யாருமில்லை.

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். வங்காளி அம்மாள், இவள் வெளியே போகத்தான் எழுந்தாளோ என்று நினைத்து, வழிவிடுவதற்காகக் கால்களை மடக்கிக்கொண்டாள். ஹசீனா பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி, எழுந்தும் எழாமலும் நின்றுகொண்டிருந்தாள்.