லேபிள் இல்லாத டப்பா

மகளின் முகத்தில் பரு வந்ததை லிஃப்ட் மெக்கானிக் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வயதில் யாருக்குத்தான் வராது. ஆனால் மூன்று மாதத்தில் அவை கன்னம், நெற்றி, தாடை என்று இடம் பிடித்து, சிவந்து, சீழ் கோத்து நின்றபோது வீட்டில் பேச்சே குறைந்துபோனது. அவர் ‘வாலு’ என்று கூப்பிடும் பெண் அது. ஓரிடத்தில் நிற்காத கால், மூடாத வாய். இப்போது சாப்பிடும்போதுகூட ஒரு கையால் தாடையை மறைத்துக்கொண்டாள். குளியலறைக் கண்ணாடியின்மேல் துண்டைப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்த்தாள்.

தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அந்த அம்மா விளக்கை அருகே இழுத்து நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரு சின்ன டியூப் எழுதிக் கொடுத்தார்.

“பட்டாணி அளவு போதும். முதல் சில வாரம் தோல் உரியும், அதிகமான மாதிரிகூடத் தெரியும். பயந்து நிறுத்திடாதீங்க. பலன் தெரிய மூணு மாசம் ஆகும்.”

“மூணு மாசமா?” என்றாள் வாலு.

“இதுக்குக் குறுக்கு வழி இல்லம்மா.”

டாக்டர் சொன்னதில் மோசமான பாதி அப்படியே நடந்தது. மூன்றாவது வாரம் வாயோரத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது. பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் அணித் தலைவி. ஒரு மாலை புத்தகப் பையைத் தரையில் போட்டாள்.

“என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன். மேடை ஏற மாட்டேன்.”

அந்த வாரம்தான் மனைவியின் தங்கை வந்தாள். அழகு நிலையம் வைத்திருப்பவள், கலகலப்பானவள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். மூடியில் ஒரு பூப்படம், அவ்வளவுதான். எழுத்து ஒன்றுகூட இல்லை.

“பத்தே நாள். என் கஸ்டமருங்க வரிசையில நின்னு வாங்குறாங்க.”

மெக்கானிக் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என்ன இருக்கு?”

“மாமா, ஓட்டல்ல சாப்பிடுறப்போ உள்ள என்ன போட்டாங்கன்னு கேட்டுட்டா சாப்பிடுறீங்க?”

மனைவி சிரித்துவிட்டாள். “ஏங்க, இவ நம்ம புள்ளைக்குக் கெட்டதா கொடுப்பா?”

முத்திரை குத்தாத ஒரு நட்டைக்கூட லிஃப்ட் கயிற்றில் மாட்டாதவர் அவர். போன மாதம்தான் அதற்காக ஒரு கட்டட மேனேஜரோடு மல்லுக்கு நின்றிருந்தார். வேண்டாம் என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அப்போது மகள் அவரைப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு முகத்தை மறைக்காமல், கையைக் கீழே விட்டுவிட்டு, அவரையே பார்த்தாள்.

“சரி,” என்றார்.

டாக்டர் கொடுத்த டியூப் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

களிம்பு வேலை செய்தது. அதுதான் பின்னால் அவருக்கு நினைத்து நினைத்து ஆறாமல் போனது. ஒன்பதாம் நாள் ஒரு பருகூட இல்லை. தழும்பும் மங்கிவிட்டது. முகம் முழுக்க ஒரே வெளுப்பு, கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி. வாலு மேடை ஏறினாள், இரண்டாம் பரிசோடு இறங்கினாள். வீட்டில் பழையபடி சத்தம் வந்தது. தினமும் மாலை மனைவி தன் விரலால் களிம்பை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, மகளின் முகத்தில் பூசி, கையில் மிஞ்சியதைத் தன் கழுத்தில் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது டப்பா வந்தது. பிறகு மூன்றாவது.

முதலில் மாறியது வாலுவின் தூக்கம். விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு கோபம். பேனா காணவில்லை என்று கதவை அறைந்து சாத்தினாள். பரீட்சை நெருக்கடி என்றாள் மனைவி. காலையில் கண்களுக்குக் கீழே பை மாதிரி வீங்கியது. அழுதிருப்பாளோ என்று அவர் கேட்டார், இல்லை என்றாள். சாக்ஸ் கழற்றினால் கெண்டைக்காலில் அதன் தடம் பள்ளமாகப் பதிந்து, சாப்பாட்டு நேரம்வரை மறையாமல் கிடந்தது. ஒருநாள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது தம்ளர் தளும்பி மேசையெல்லாம் ஈரமானது. துடைக்கிற கையும் நடுங்கியது.

“என்ன வாலு?”

“ஒண்ணுமில்லப்பா. வேகமா வந்தேன்.”

அவள் வேகமாக வரவில்லை என்பதை அவர் பார்த்திருந்தார். ஆனாலும் விட்டுவிட்டார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவர் மனம் மட்டும் ஏனோ இடம் கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மனைவி தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். “சோப்பு ஏதோ பிடிச்சிருக்கு, வெளுத்துப் போச்சு. பாலிஷ் போட்டு வாங்கிட்டு வாங்க.” கல்யாண மோதிரம், நல்ல தங்கம். ஒரு பக்கம் மட்டும் வெள்ளி மாதிரி சாம்பல் பூத்திருந்தது.

நகைப் பட்டறைக்காரர் அதைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். உடனே இடுக்கியால் பிடித்து ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் பேசினார்.

“வீட்டுல யாராவது தெர்மாமீட்டர் உடைச்சாங்களா?”

“இல்லையே.”

“இது பாதரசம் சார். தங்கத்தைக் கண்டா விடாது. கிரீம், களிம்பு ஏதாவது பூசுறாங்களா? சிலதுல கலக்குறாங்க.”

மெக்கானிக் மேசைமேல் குனிந்தார். “பூசினா என்ன ஆகும்?”

“எனக்கு வைத்தியம் தெரியாது. எங்க அப்பா பாதரசம் வச்சு முலாம் பூசுற வேலை செஞ்சாரு. கடைசிக் காலத்துல டீ கிளாஸைப் பிடிக்க முடியல, அப்படி ஒரு நடுக்கம். காலெல்லாம் வீங்கி…” மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க. மோதிரம் இங்கேயே இருக்கட்டும்.”

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது வாலு வாசலருகே தரையில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். கால் உள்ளே போகவில்லை. கயிற்றை முழுக்கத் தளர்த்தியும் போகவில்லை.

“சின்னதாயிடுச்சுப்பா,” என்றாள்.

போன மாதம் வாங்கிய ஷூ அது.

டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி எடுத்துக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிறுநீரில் நுரை போகிறதா என்று டாக்டர் கேட்டபோது மகள் தலையாட்டினாள். ரொம்ப நாளாகவே போகிறது, சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். அவளை அங்கேயே தங்க வைத்தார்கள். மறுநாள் முடிவுகள் வந்தன. களிம்பில் இருந்தது பாதரசம்தான். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது.

“மருந்து இருக்கு, குணமாக வாய்ப்பும் அதிகம்,” என்றார் சிறுநீரக டாக்டர். “ஆனா மாசக்கணக்குல ஆகும். இன்னொண்ணு, நீங்க ரெண்டு பேரும் டெஸ்ட் கொடுங்க. தலையணை உறை, துண்டு எதையும் தொடாம பையில கட்டி வையுங்க. இது பூசினவங்களோட நிக்காது.”

மனைவியின் உடம்பிலும் பாதரச அளவு கூடித்தான் இருந்தது. அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். “நான்தாங்க தினமும் பூசினேன்.”

“சரின்னு சொன்னது நான்,” என்றார் அவர்.

பத்து நாளில் வாலு வீடு திரும்பினாள். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது, பருக்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. மறுநாள் சித்தி வந்தாள், கலகலப்பெல்லாம் போயிருந்தது. எங்கிருந்தோ மொத்தமாக வரவழைத்தது, விற்றவனின் போன் இப்போது அணைந்து கிடக்கிறது என்றாள். ஒரு நோட்டை நீட்டினாள். களிம்பு வாங்கியவர்களின் பெயரும் எண்ணும். நாற்பத்து மூன்று பேர்.

“எனக்குப் பேசப் பயமா இருக்கு மாமா.”

மேசையில் உட்கார்ந்து அவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சிலர் பதறினார்கள். சிலர் திட்டினார்கள். போட்டிக் கடைக்காரன் என்று நினைத்து ஒருவர் போனை வைத்துவிட்டார். பதினேழாவதாக எடுத்த பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“என் பையனுக்கு நல்லாத்தானே வேலை செய்யுது. அடுத்த வாரம் அவனுக்கு இன்டர்வியூ. ஸ்டாக்கைத் தூக்கிப் போடப் போறீங்கன்னா, ரெண்டு டப்பா எனக்குக் கொடுத்துடுங்களேன்.”

 ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வாலு அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“ஆன்ட்டி, உங்க பையன் தூங்குறானா?”

“ஏம்மா கேக்குற?”

“கையில நடுக்கம் இருக்கா? காலையில கண்ணு வீங்குதா?”

 மறுமுனையில், பின்னணியில், ஒரு பையன் யாரிடமோ எரிந்து விழுவதும், ஒரு கதவு அறைந்து சாத்தப்படுவதும் கேட்டன. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வாலு மறுபடி அதே எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.