இரண்டு பெண்களுக்குச் சொன்ன பதில்

ராக்கையாவை யாருக்கும் பிடிக்காமல் போனதற்கு அவர் ஒரு பாவமும் செய்யவில்லை. சர்க்கார் கொடுத்த உத்தியோகம் அப்படி. தொழுநோய் ஒழிப்பில் களப்பணியாளர். போடியிலிருந்து குரங்கணி வரைக்கும் சைக்கிளை மிதித்தும் தள்ளியும் போய், உணர்ச்சியில்லாத தேமல் யார் தோலிலாவது இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் மாதாமாதம் மாத்திரை கொடுப்பார். அவர் சைக்கிள் நின்ற வீட்டுக்கு அன்றைக்கே பேர் கெட்டுவிடும். அதனால் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் எல்லா வீட்டிலும் நிற்பதென்று அவராகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சொறிக்குக் களிம்பு, பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை என்று எதையாவது சொல்லி ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டுவார். யாருக்கு நோய் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அவரைக் கண்டதும் அத்தனை வாசலிலும் முகம் சுண்டிப்போகும்.

நாற்பத்திரண்டு வயதாகியும் அவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. போடியில் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு பாய். வாரத்தில் ஒரே ஒரு வேளை மனுஷரோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராசிங்காபுரத்தில், அண்ணன் அமாவாசை வீட்டில். மதினி சண்முகத்தாய் கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருப்பாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி" என்று அவரிடம் சொல்ல உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகவே மற்ற ஆறு நாளையும் ஓட்டினார் என்று சொன்னால் மிகையில்லை.

அண்ணன் மகன் பெத்துராஜுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். மதினி கெட்டிக்காரி. வீட்டிலேயே ஒரு உளவாளி இருக்கும்போது விடுவாளா? முதலில் உள்ளூர்ப் பெண் ஒன்று. "தம்பி, அந்த வீட்டுல உங்க சமாச்சாரம் ஒண்ணும் இல்லையே?" என்றாள். "இல்ல மதினி. தாராளமா எடுங்க" என்றார் ராக்கையா. அடுத்தது போடியில் ஒரு பெண். அதற்கும் அதே கேள்வி, அதே பதில். ஜாதகம் சேராமல் ஒன்றும், மாப்பிள்ளை கறுப்பு என்று ஒன்றும் தட்டிப்போயின. வீட்டுக்கு உபயோகமாக இருக்கிறோம் என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். தப்பு செய்கிறோம் என்று தோன்றவே இல்லை. நோயில்லாதவரை நோயில்லை என்று சொல்வதில் என்ன தப்பு?

எண்பத்தாறில் மதுரையில் இரண்டு நாள் பயிற்சி போட்டார்கள். நோயாளியின் ரகசியத்தை எப்படிக் காப்பது என்பதுதான் பாடம். டாக்டரம்மா ஒருவர் நடத்தினார். "நோய் இருக்குன்னு சொல்லக் கூடாதுங்கறது உங்க எல்லாருக்கும் தெரியும். இல்லைன்னும் சொல்லக் கூடாது, அது தெரியுமா?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்கு இல்லைன்னு சொல்லிட்டு மூணாவது ஆளுக்கு வாயை மூடிக்கிட்டீங்கன்னா, மூடின வாயே காட்டிக் கொடுத்துரும். யாரைக் கேட்டாலும் ஒரே பதில், தெரியாதுன்னு." மற்றவர்கள் தலையாட்டினார்கள். ராக்கையாவுக்கு மட்டும் மின்விசிறிக்கு அடியில் வேர்த்தது.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மதினி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "குரங்கணில ஒரு பிள்ள தம்பி. முத்துப்பேச்சின்னு பேரு. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகுது. பெத்துராஜுக்கும் பிடிச்சுப் போச்சு. வர்ற வெள்ளிக்கிழம பூ வைக்கப் போறோம். அங்க ஒண்ணும் இல்லையே?"

முத்துப்பேச்சி அவருடைய நோயாளி. முதுகில் ஒரே ஒரு தேமல். யாருக்கும் ஒட்டாத வகை. ஆறு மாத மாத்திரையில் நாலு மாதம் முடிந்திருந்தது, தேமலும் மங்கிவிட்டது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், இது குணமாகும், பயப்பட வேண்டாம் என்று தொண்டை வறளப் பேசுகிறவரால், அந்த அடுப்படியில் அதில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேசினாலே காட்டிக் கொடுத்ததாகிவிடும். இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லித் தொலைக்கலாம். வாய் வரவில்லை. மதுரையில் எழுதிக்கொண்டு வந்த பாடத்தை ஒப்பித்தார்.

"யாரைப் பத்தியும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு மதினி. எனக்குத் தெரியாது."

மதினியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "போன ரெண்டு பிள்ளைகளுக்கும் சொன்னீங்களே தம்பி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை யாரும் பூ வைக்கப் போகவில்லை. நாள் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். தோட்டத்து ஜீப்பில் ஏறிய செய்தி மலை முழுக்கச் சுற்றி வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பன் என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு யார் என்ன சொல்ல வேண்டும்?

அடுத்த முறை குரங்கணிக்குப் போனபோது முத்துப்பேச்சி மாத்திரையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லிட்டீங்களா சார்?"

"வாயால சொல்லல ஆத்தா." நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார். அவள் நோயைப் பற்றி அவளிடம் பேச மட்டும்தான் அவருக்கு அனுமதி இருந்தது.

அவள் அழவில்லை. "அந்த ரெண்டு பேருக்கும் நீங்க இல்லைன்னு சொன்னாலும் ஒண்ணுதான், சொல்லாட்டியும் ஒண்ணுதான். எனக்குத்தான சார் அந்த வார்த்தை வேணும்?"

ராக்கையாவுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அவர் வெட்கத்தில் இரண்டு வாரம் ராசிங்காபுரம் பக்கம் போகவில்லை. பெத்துராஜ் போடி பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டான். "சித்தப்பா, சில்லமரத்துப்பட்டில ஒரு பிள்ள பாத்திருக்கு. ஆத்தா உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். ஞாயித்துக்கெழம வெரசா வந்துருங்க."

அந்த வீட்டையும் ராக்கையாவுக்குத் தெரியும். நோய் நொடி கிடையாது. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு பார்த்தார். இல்லை என்று சொன்னால் முத்துப்பேச்சிக்கு இருந்தது நிச்சயம் என்றாகிவிடும். தெரியாது என்று சொன்னால், ஒரு குறையும் இல்லாத இந்தப் பெண்ணும் கெடுவாள். போகாமல் இருந்தாலும் மழுப்புகிறார் என்றுதான் அர்த்தம் செய்வார்கள். அவரிடம் யாரும் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனார். மதினி சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவள் வாயைத் திறக்குமுன் தட்டைத் தள்ளினார்.

"இது என்ன குழம்பு? நேத்துப் பழசா? நாய்க்கு வைக்கிற மாதிரி மிச்சத்தையே எனக்குப் போட்டுப் பழகிட்டீங்க. பெண்டாட்டி இல்லாதவன்தான, கேக்க ஆளில்லன்னு நெனப்பு."

விடிகாலையில் எழுந்து அவருக்கென்று ஆக்கிய குழம்பு. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் எழுந்து வந்தார். "எந்திரிச்சுப் போடா. இனி இந்தப் பக்கம் கால வச்ச, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

ராக்கையா கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். ஊர் எல்லை தாண்டியதும் வாய்விட்டு அழுதார்.

சில்லமரத்துப்பட்டிப் பெண்ணையே பெத்துராஜுக்கு முடித்தார்கள். ராக்கையாவுக்குப் பத்திரிகை வரவில்லை. கல்யாணத்தன்று அவர் குரங்கணியில் இருந்தார். முத்துப்பேச்சிக்கு அன்றைக்குக் கடைசி மாத்திரை. அவள் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"இன்னைக்கு அங்க கல்யாணமாமே. நீங்க போகலையா?"

"சோலி கெடக்கு ஆத்தா."

"எனக்காகப் போகாம இருக்காதீங்க சார். எனக்குத்தான் ஆகாமப் போச்சு. உங்களுக்குச் சொந்தம்னு அவுக இருக்காகல்ல. போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்க."

ராக்கையா சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்.