மெனுவின் முதல் வரி

என் கடைக்கு வந்த கம்ப்யூட்டர் சும்மா திரும்பிப் போனதில்லை. இதைத் தலைக்கனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பதினாலு வருஷமாக ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது கூட இல்லாவிட்டால் எப்படி?

அன்று காலை கடை திறந்ததும் வந்து நின்றவள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. நர்ஸ் வேலை. ஒரு நோயாளிக்கு ஒரே ஊசியை இரண்டு தடவை போட்டாள் என்று அவள் மேல் புகார். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். எழுதலாம் என்று உட்கார்ந்த நேரம் பார்த்து லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் செத்துப் போயிருந்தது.

"டிஸ்க் எதுக்கும்மா? ஒரு பென் டிரைவ் போதும், அதுலயே ஓட்டிக்கலாம்" என்றேன்.

விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸை அப்படியே பென் டிரைவில் இறக்கி அதிலிருந்தே ஓட்டலாம். ஒரே சங்கடம், அணைத்ததும் செய்ததெல்லாம் மறந்துபோகும், லாட்ஜ் அறையைக் காலி செய்ததும் துடைத்துவிடுகிற மாதிரி. மறக்காமல் இருக்க வேண்டுமானால் டிரைவில் மிச்சமிருக்கும் இடத்தைத் தனிப் பகுதியாகப் பிரித்து, அதற்குரிய பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்து, உள்ளே ஒரே ஒரு வரி எழுதிய சின்ன ஃபைலைப் போட வேண்டும். எந்த டிரைவில் எழுதுகிறோம் என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஓர் எழுத்து மாறினால் என் கடைக் கம்ப்யூட்டரே வழித்துத் துடைத்தாற்போல் ஆகிவிடும். எனக்கு அப்படி ஆனதில்லை.

இருபது நிமிஷத்தில் முடித்தேன். அவளுடைய லேப்டாப்பிலேயே சோதித்தும் பார்த்தேன். ஒரு ஃபைல் எழுதினேன், அணைத்தேன், மறுபடி ஏற்றினேன். ஃபைல் இருந்தது. வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை. கடிதம் எழுத அது எதற்கு?

"வீட்டுக்குப் போய் ஆன் பண்ணி என்டரைத் தட்டு. மத்ததை அது பாத்துக்கும்" என்று அனுப்பிவைத்தேன்.

இரண்டே முக்காலுக்கு போன்.

"எழுதி முடிச்சு சேவ் பண்ணிட்டேன், அண்ணி. கரண்ட் போயிடுச்சு, பேட்டரி பதினொரு பர்சன்ட்ல நிக்குது. அணைச்சிட்டு டிரைவை எடுத்துட்டு வரேன். கடையில ஆன் பண்ணும்போதும் அந்த மெனுவில முதல் வரிதானே?"

போச்சு! ஆன் செய்ததும் வருகிற மெனுவில் முதல் வரி வெறும் லினக்ஸ். நினைவு வைத்துக்கொள்வது இரண்டாவது வரி. மெனு வந்ததும் கீழ் அம்பைத் தட்டுவது என் விரலுக்குப் பழகிப் போனது, யோசிக்கவே மாட்டேன். அவள் மூன்று மணி நேரம் எழுதியது மொத்தமும் அணைத்தால் போய்விடுகிற இடத்தில் இருந்தது.

"அணைக்காதே! கையை எடு! ரெண்டாவது வரிக்குப் போகணும்னு கூடவா தெரியாது?" என்று கத்தினேன்.

"இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

நான் பிரித்து வைத்த பகுதி அதே டிரைவில்தானே இருக்கிறது? திறக்கச் சொன்னேன். திறந்தது. ஃபைலைப் போடச் சொன்னேன். அனுமதி இல்லை என்றதாம். நான் கட்டிய வீட்டில் எனக்கே அனுமதி இல்லையா? கட்டளைகளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறக்கவைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவள் ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடித்தாள். பேட்டரி ஆறு. நான் உளறிக் கொட்டினேன், அவள் நிதானமாக இருந்தாள்.

"இப்ப sync-னு அடி. டிரைவுல எழுதி முடிக்கிற வரைக்கும் தொடாதே."

"நாலு."

"பொறு."

"முடிஞ்சிடுச்சு, அண்ணி."

மூன்று இருபதுக்கு மூச்சு வாங்க வந்து நின்றாள். டிரைவைச் செருகினேன். கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. தனிப் பகுதியைத் திறந்ததும் கடிதம் கண்ணில் பட்டது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். பிரிண்டரில் வந்த தாளை எடுத்துக் கொடுக்குமுன் படித்தேன்.

"ஊசி போட்டதும் தாளில் குறிக்காமல் அடுத்த கட்டிலுக்கு ஓடினேன். அது என் தவறு. குறிப்பு இல்லாததைப் பார்த்து அடுத்து வந்தவர் மறுபடி போட்டிருக்கிறார். இரண்டாவது ஊசியை நான் போடவில்லை."

"எடுத்ததும் உன் தப்பைச் சொல்லணுமா? அதையே பிடிச்சுக்குவாங்களே!" என்றேன்.

"பிடிச்சுக்கட்டும். நடந்தது அதுதானே?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தாளை உறையில் போட்டு ஒட்டினாள். மணி மூன்றரை. ஆஸ்பத்திரி பத்து நிமிஷ நடைதான். ஆனாலும் அவள் கிளம்பவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "போன்ல உன்கிட்ட கத்தினேன்ல? தப்பு என்னோடது. ரெண்டாவது வரின்னு உனக்கு நான் சொல்லவே இல்ல."

"தெரியும், அண்ணி" என்றாள். "நீங்க சொல்றீங்களான்னுதான் நின்னேன்."

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.