தானாக இறங்கும் பெடல்

"மூணாவது தடவை, ரகு" என்று சொல்லிக்கொண்டே கஸ்தூரிரங்கன் சார் பிக்கப்பிலிருந்து இறங்கினார். "அச்சிறுபாக்கம் தாண்டறதுக்குள்ள குரூஸ் நாலு தரம் விட்டுடுத்து. பிரணவ் அழுதுண்டே வந்தான்."

"போன தபா கத்துனான்னு சொன்னீங்க."

"கத்தினாத் தேவலையே. சத்தமே இல்லாம அழறான்."

ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைகளுக்கு நடுவே என் கடை. வண்டிகளுக்கு ஒயரிங் வேலை மட்டும் பார்க்கிறேன். சார் மயிலாப்பூர்க்காரர், சபாக்களுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்குக் கொடுப்பவர். அவற்றை ஏற்றிப்போகத்தான் இந்தப் பிக்கப்பைப் பதினாறு வருடத்துக்கு முன் வாங்கினார். ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் விட்ட வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் தானாக விழும். அதில் குரூஸ் இருந்தது.

குரூஸ் ஒன்றும் மந்திரமில்லை. எண்பதில் போகும்போது ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வண்டி எண்பதிலேயே போகும். புது வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் நடந்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பழைய வண்டியில் தெரியும். பானெட்டுக்குள் தேங்காய் அளவில் ஒரு டப்பா, அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. சின்ன மோட்டார் ஒன்று டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சும். சவ்வு உள்பக்கம் வளையும். அதில் மாட்டிய கேபிள் ஆக்ஸிலேட்டரை இழுக்கும். அதனால் யாரும் மிதிக்காமலே பெடல் கீழே இறங்கும். மேடு வந்தால் இன்னும் இறங்கும், சரிவு வந்தால் மேலே வரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

பிரணவுக்கும் அலுக்காது. சாருடைய ஒரே மகன், வயது இருபத்தாறு. அவனுக்கு வரும் வார்த்தைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவன் அம்மா நீரஜா மாமி இறந்த பிறகு மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு இல்லத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார், இருவரும் திண்டிவனம் வரை போய்த் திரும்புவார்கள். வேறு எந்த வண்டியிலும் அவன் ஏறமாட்டான். டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும், பெடல் இறங்கும். அவன் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி "மரம் போறது" என்பான். வாரத்தில் அவன் வாய்விட்டுச் சொல்வது அது ஒன்றுதான்.

"அந்த ரெண்டு மணி நேரமும் போயிடுத்துன்னா அவன்கிட்ட நான் போறதுக்கு வேற வழியே கிடையாது" என்றார் சார்.

"போவாது சார். உக்காருங்க, பாத்துரலாம்."

வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். பட்டறைக்குள் செருப்பைக் கழற்றும் ஒரே வாடிக்கையாளர் அவர்தான். மைக் செட்காரராக நாற்பது வருடம் மேடைமேல் வெறுங்காலோடு நடந்தவர். ஆம்ப்ளிஃபயரும் சால்டரிங் அயர்னும் இருக்கும் இடமெல்லாம் அவருக்கு மேடைதான். வண்டி ஓட்டும்போதும் செருப்பு சீட்டுக்கடியில்தான் இருக்கும்.

பெஞ்சுக்குப் போகையில் அவர் குதிகாலில் ஏதோ மின்னியது. ஒரு பித்தளை இஸ்க்ரூ, பாதி உள்ளே ஏறியிருந்தது.

"சார், என் இஸ்க்ரூவ தள்ளிக்கினு போறீங்களே."

காலைத் தூக்கிப் பார்த்தார். "அட" என்று பிடுங்கி என் கையில் கொடுத்தார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"வலிக்கலயா?"

"தோல் கெட்டி, ரகு. மேடைத் தோல்."

சிரித்துக்கொண்டே நான் பானெட்டைத் திறந்தேன்.

முதல் தடவை வந்தபோது டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. மாற்றினேன். இரண்டாம் தடவை பிரேக் சுவிட்சை மாற்றினேன். பிரேக் பெடலின் தண்டுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் இருக்கும் சுவிட்ச் அது. பெடலை அரிசி அகலம் மிதித்தால் போதும், இரண்டு வேலை நடக்கும்: பின்னால் சிவப்பு விளக்கு எரியும், குரூஸ் விட்டுவிடும். விட்டாக வேண்டும். ஓட்டுகிறவன் நிறுத்தப் பார்க்கையில் வண்டி ஓடப் பார்த்தால் என்ன ஆகும்?

இப்போது எல்லாமே புதுசு, ஆனாலும் விட்டுப்போகிறது. அவரைக் கடையில் உட்காரவைத்துவிட்டு நானே வண்டலூர் வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். ஒரு தடவைகூட விடவில்லை.

"எனக்கு ஓடுது, உங்களுக்கு ஓட மாட்டேங்குது. ஆள் பாத்து வேல செய்யுது உங்க வண்டி."

"என்கூட இருந்து பழகினது இல்லையா? எல்லாரும் அப்படித்தான்" என்றார் சார்.

இப்படி வந்துபோகும் கோளாறைப் பிடிக்க ஒரு வழி உண்டு. அது நடக்கும் நொடியில் நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரேக் சுவிட்சின் ஒயரிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு பல்பை இழுத்து டேஷ்போர்டில் ஒட்டினேன். குரூஸ் விடும்போது சிவப்பு எரியாவிட்டால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. எரிந்தால் சுவிட்ச்தான். மறுநாள் காலை அவரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பெருங்களத்தூர் தாண்டியதும் பொத்தானை அழுத்தினார். பச்சை எரிந்தது. பெடல் மெல்ல இறங்கியது. அவர் காலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான்கு நிமிடம் போயிருக்கும். சிவப்பு எரிந்தது, பச்சை அணைந்தது, வண்டி தளர்ந்தது.

"பாத்தியா, பாத்தியா" என்றார். குழந்தை மாதிரி அவருக்குச் சந்தோஷம், கோளாறு கையும் களவுமாகப் பிடிபட்டதில்.

நான் கீழே பார்த்தேன்.

"சார், கால எங்க வச்சிக்கினு கீறீங்க?"

"தரையிலதான்."

"குனியாதீங்க, ரோட்ட பாருங்க. நல்லா யோசிச்சி சொல்லுங்க."

"தரையிலதான் ரகு, ஏன்?"

அவருடைய வெறுங்காலின் பெருவிரலும் அதற்கடுத்த விரலும் பிரேக் பெடலின்மேல் அழுந்தியிருந்தன. நகம் வெளுத்திருந்தது.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நின்ற பிறகுதான் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, வேறு யாருடைய காலையோ நகர்த்துவதுபோல எடுத்துத் தரையில் வைத்தார்.

அந்த இஸ்க்ரூ எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோளாறு என் பட்டறைக்குள் நடந்து வந்து அதை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் பானெட்டைத் திறந்துகொண்டிருந்தேன்.

"ரகு, அந்த சுவிட்சுக்கு டைரக்ட் குடுத்துடேன்."

எங்கள் தொழிலில் டைரக்ட் என்றால், குறுக்கே தடுக்கிற சுவிட்சை விட்டுவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துவிடுவது. ஃபேன், ஹாரன், செல்ஃப் என்று எல்லாவற்றுக்கும் கொடுப்போம். இரண்டு அங்குல ஒயரும் இன்சுலேஷன் டேப்பும் போதும்.

"அது ஆவாது சார்."

"கேக்கறவாளுக்கெல்லாம் குடுக்கறே."

"அவங்க கால் எங்க கீதுன்னு அவங்களுக்குத் தெரியும் சார். இன்னிக்கு பிரேக் மேல கீது. நாளைக்கு ஆக்ஸிலேட்டர் மேல இருந்தா?"

அவர் இறங்கி, என் பக்கமாகச் சுற்றி வந்து, எனக்காகக் கதவைத் திறந்து நின்றார். நான் நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

அடையாறில் ஒரு டாக்டர் அவருடைய கால் கட்டைவிரலில் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி வைத்தாராம். சாரைப் போன்ற சர்க்கரை நோயாளிக்குக் காலில் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது, அதிர்வு தெரிய வேண்டும். "செகண்டுக்கு நூத்தி இருபத்தெட்டு சைக்கிள்" என்றார் சார், திரும்பி வந்து. "சுத்தமான ஸ்ருதி. காது கேட்டுது ரகு. கால் கேக்கலை."

இனி வண்டி ஓட்டவே கூடாது என்றாகிவிட்டது. மைக் செட்டுக்கு ஒரு டெம்போ பேசிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வருகிறேன் என்றேன். அப்பா பக்கத்தில்தானே உட்காரப்போகிறார், அதே வண்டி, அதே பச்சை விளக்கு. அது சரிப்பட்டுவிடும் என்றுதான் நினைத்தேன்.

பிரணவ் ஓடிவந்து கதவைத் திறந்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்னைப் பார்த்தான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்ப் பின்டயரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான். சார் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். மத்தியானம் வரை அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு அவன் அறையை விட்டே வரவில்லை.

"உன்னால எதுவுமே முடியாதா?" என்று திரும்பும் வழியில் கேட்டார். அதுவரை அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

முடிந்ததைச் செய்தேன். இந்தக் குரூஸ் நாற்பதுக்குக் கீழே வேலை செய்யாது, வேகம் தெரிந்தால்தான் அதன் மூளை மோட்டாருக்குக் கரண்ட் விடும். மூளையை விட்டுவிட்டு, பொத்தானிலிருந்து நேராக மோட்டாருக்கும் பச்சை விளக்குக்கும் ஒயர் இழுத்தேன். டைரக்ட். இன்ஜின் ஓட வேண்டாம், பேட்டரி போதும். வண்டியை இல்லத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி, இன்ஜினைக் கிளப்பும் செல்ஃபின் ஒயரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். இனி சார் பஸ்ஸில் வருவார், ஓட்டுகிற சீட்டில் உட்காருவார். வண்டி எங்கும் போகாது.

அந்த ஞாயிறு அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் பிரணவ் ஓடிவந்தான். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டான். நான் பின்னால் போய் நின்றேன், என்னைப் பார்க்க வேண்டாமென்று. கண்ணாடி இறங்கியிருந்ததால் பேச்சு கேட்டது.

"போலாமாடா?" என்றார் சார்.

பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், மோட்டார் உறுமியது. பிரணவ் குனிந்து பார்த்தான். பெடல் இறங்கியிருக்கும். அவன் தோள் குலுங்கியது, சிரிக்கிறான். எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். வேப்பமரத்தைப் பார்த்தான். பெடலைப் பார்த்தான். மறுபடி மரத்தைப் பார்த்தான்.

"மரம் போகலை" என்றான்.

"போகும்டா கண்ணா."

"மரம் போகலைப்பா."

"கொஞ்சம் இரு. இப்போ போகும்."

மோட்டார் நின்று, மறுபடி உறுமியது. மறுபடி நின்றது. சார் அழுத்திக்கொண்டே இருந்தார். வண்டிக்குப் பின்னால், அந்தப் பகல் வெளிச்சத்தில், இரண்டு பிரேக் விளக்கும் அணையாமல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. அவருக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.