வெறும் வயிற்றில்

இரும்புத் தகடுகளை அடுக்கி வைக்கும் அந்தக் கிடங்கில் பதினெட்டு வருடமாக ஒரே கிரேன். ஓட்டியவரும் ஒருவரே. கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் அந்தக் கிரேனின் கண்ணாடி அறைக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். கீழே நின்று கை காட்டி அவரை வழிநடத்தியது அவர் மனைவியின் அண்ணன். கிரேன்காரர் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிடங்கில் எல்லோருக்குமே அவர் மச்சானாகிவிட்டார். மேலாளர்கூட ஒருமுறை கூட்டத்தில் வாய் தவறி "எதுக்கும் மச்சானைக் கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அசடு வழிந்தார்.

மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். மீதியை மச்சானின் கை சொல்லும். விரல் மேல் நோக்கிச் சுழன்றால் தூக்கு. உள்ளங்கை கீழ் நோக்கி அசைந்தால் இறக்கு. கை விரிந்து அப்படியே நின்றால் நிறுத்து. கை சரியாகத் தெரியவில்லை என்றாலும் நிறுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இது.

அந்த வருட மருத்துவப் பரிசோதனையில் கிரேன்காரருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு. டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"இந்தச் சின்ன மாத்திரையைப் போட்டா அரை மணி நேரத்துல சாப்பிட்டுடணும். சாப்பிட முடியலைன்னா மாத்திரையும் வேண்டாம். கை நடுங்கினா, குப்புன்னு வேர்த்தா, செய்யிற வேலையை நிறுத்திட்டு உடனே இனிப்பா எதையாவது வாயில போடுங்க."

அவர் தலையாட்டினார். ஆனால் டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதுதான் அவர் காதில் நின்றது.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். கட்டுப்பாட்டுல இருந்தாதான் கிரேன் ஏறலாம்னு நான் கையெழுத்துப் போட முடியும்."

கிரேனை விட்டால் வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. பத்து டன் தகட்டைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் சத்தமில்லாமல் இறக்கி வைப்பார். அதை வேடிக்கை பார்க்கவே பக்கத்துப் பிரிவிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி வந்தது. தட்டில் சோறு பாதியானது, காய் இரண்டு மடங்கானது. காலையில் எழுந்ததும் அவர் விரலை நீட்ட, அவள் எண்ணை ஒரு நோட்டில் எழுதினாள். நூற்று எழுபது. நூற்று நாற்பத்தைந்து. நூற்றுப் பதினெட்டு. எண் இறங்க இறங்க அவள் முகம் மலர்ந்தது.

"கல்யாணமான புதுசுல என் முகத்தைக்கூட அவ இப்படி ஆசையா பார்த்ததில்ல மச்சான்" என்று கிடங்கில் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகவும், அந்தக் கையெழுத்துக்காகவும், எண் இன்னும் இறங்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மாத்திரையை வீட்டில் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப்போய்க் கிடங்கில் சாப்பிடுவது அவர் வழக்கம். முதலில் பாதியை வாசல் நாய்களுக்குப் போட்டார். பிறகு முழுவதையும் போட்டார். டப்பாவைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோனார். காலியான டப்பாவைப் பார்த்து மனைவி நிம்மதியானாள்.

மறுபரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு முற்பகலில் அவர் கிரேனை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். ஏணியின் கடைசிப் படியில் கால்கள் துவண்டன. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மச்சான் அவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்து, மூன்று கரண்டி சர்க்கரை போட்ட தேநீரைக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க மச்சான். ஆபீஸ்லயும் வேண்டாம். இன்னும் பத்தே நாள்."

மச்சான் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சு, நானே மேல ஏறி வந்து உங்களை இறக்கிடுவேன் மாப்பிள்ளை."

"உங்க முட்டிவலிக்கு நீங்க ஏறி வர்றதுக்குள்ள ஷிஃப்ட் முடிஞ்சுடும்."

இருவரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

பரிசோதனைக்கு முந்தைய நாள் காலை எண் தொண்ணூற்றொன்று. மனைவி கைதட்டினாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாப்பாடு நாய்களுக்குப் போயிற்று. நாளைக்கு ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் ஒழுங்காகச் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

பத்தரை மணிக்கு, தேநீர் இடைவேளைக்கு முந்தைய கடைசிச் சுமை. சங்கிலியில் தொங்கிய தகடு அடுக்குக்கு ஓரடி மேலே வந்து நின்றது. தகட்டைத் தாங்க அடியில் வைத்திருந்த மரக்கட்டை கோணலாக இருந்ததைப் பார்த்த மச்சான், இடது கையை விரித்து 'நிறுத்து' என்று காட்டிவிட்டு, வலது கையால் கட்டையை நேராக்கக் குனிந்தார்.

மேலே கிரேன்காரருக்குக் கண்ணாடி முழுவதும் தண்ணீர் வழிவதுபோல் இருந்தது. பிடரியில் வேர்வை ஊற்றியது. ஒரு கை தெரிந்தது, அது அசைவதுபோலவும் தெரிந்தது. சரியாகத் தெரியவில்லை என்பதுகூட அந்த நேரத்தில் அவர் மூளைக்கு எட்டவில்லை. நெம்புகோலைத் தள்ளினார். தகடு எப்போதும்போலச் சத்தமில்லாமல் இறங்கியது.

அலறல் கேட்டபிறகுதான் மறுபடி தூக்கினார்.

அவரைக் கீழே இறக்கி யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். அதிர்ச்சியில் நடுங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மச்சானின் வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. மற்ற நான்கையும் அன்று மாலை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரியிடம் மச்சான் படுக்கையில் இருந்தபடியே சொன்னார்: "சங்கிலி நழுவிடுச்சு சார். மாப்பிள்ளை மேல தப்பே இல்ல."

கிரேன்காரர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

இரண்டு நாள் கழித்து மேலாளரின் அறை வாசலில், அன்று சங்கிலி மாட்டிய தொழிலாளி உட்கார்ந்திருந்தார். கிரேன்காரரைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அண்ணே, நான் ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துத்தான் மாட்டினேன். நீங்க மேல இருந்து பார்த்தீங்கல்ல? உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

கிரேன்காரர் உள்ளே போனார். மாத்திரையைப் பற்றிச் சொன்னார், நாய்களைப் பற்றிச் சொன்னார். மேலாளர் நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு முன்னாடி இப்படி ஆகியிருக்கா? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அன்று மச்சான் தேநீர் கொடுத்துத் தெளியவைத்ததையும் கிரேன்காரர் சொன்னார்.

அன்று மாலை மனைவியிடமும் சொன்னார். அவள் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"நாய்க்கா போட்டீங்க?"

"ஆமா."

"தினமும் நம்பரைப் பார்த்துச் சிரிச்சேனே நான்" என்றாள். அவரைத் திட்டவில்லை. அதற்குப்பிறகு நோட்டைத் தொடவும் இல்லை.

அவரைக் கிரேனிலிருந்து எடுத்துத் தரைத்தளத்தில் கருவிகள் வைக்கும் அறையில் போட்டார்கள். போல்ட்டும் திருகும் எடுத்துக் கொடுக்கும் வேலை. மச்சானுக்குக் கை ஆறியதும் தருவதாக இருந்த மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. தெரிந்தும் மறைத்தவர், விசாரணையில் பொய் சொன்னவர் என்று அவர் பெயரிலும் எழுதிவிட்டார்கள். சங்கிலிக்காரர் மட்டும் தப்பித்தார்.

மச்சான் வீட்டுக்கு மனைவி வாராவாரம் போய்வந்தாள். கிரேன்காரர் இரண்டு முறை போனபோதும் மச்சானின் மனைவி வாசலிலேயே நின்று, "தூங்குறாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் ஏழரைக்கு மாத்திரை போட்டால் எட்டுக்குள் சாப்பிட்டுவிடுவார். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் தட்டைக் காலி செய்வார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க, எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்றார் டாக்டரம்மா. அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஐந்தாவது மாதம் மூன்றாம் முறையாகப் போனபோது மச்சானே கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் கதவைத் திறந்தே விட்டுவிட்டு உள்ளே போனார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு மச்சான்."

மச்சான் துண்டால் மூடியிருந்த கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இல்லாத விரல் அரிக்குது மாப்பிள்ளை. எங்கன்னு சொறியிறது?"

கிரேன்காரர் அந்தத் துண்டையே பார்த்தார்.

"அந்தச் சங்கிலி மாட்டின மனுஷனை மாட்டிவிடாம இருந்தது சரிதான்" என்றார் மச்சான். "நான் பொய் சொன்னது உங்களுக்காக இல்ல, என் தங்கச்சிக்காக. மேலாளர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

மச்சானின் மனைவி சர்க்கரை போடாத தேநீர் ஒன்றும் போட்ட தேநீர் ஒன்றும் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு அவர் எழுந்தார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். மழையைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். கிடங்கைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அவர் கிளம்பும்போது மச்சான் வாசல்வரை வருவதும் இல்லை.